ஆன்டிபாடி இல்லாத சிப்பி எதிரியை எப்படி அடையாளம் காண்கிறது?

2008 கோடையில் பிரான்ஸின் கடற்கரைகளில் சிப்பி வளர்ப்பவர்கள் ஊர் ஊராக ஒரே காட்சியைப் பார்த்தார்கள். அங்கே சிப்பிக் குஞ்சுகளை வலைப் பைகளில் போட்டு, அலை ஏறி இறங்கும் திட்டில் இரும்பு மேசைகள்மேல் கட்டி வைப்பார்கள். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போய், பையைக் குலுக்கிப் புரட்டிப் போட்டுவிட்டு வருவது வழக்கம். அந்தக் கோடையில் பையைத் தூக்கியபோது ஓடுகள் வாய் பிளந்து கிடந்தன. உயிருள்ள சிப்பி தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் ஓட்டை இறுக்கிக்கொள்ளும். செத்த சிப்பியின் தசை தளர்ந்துவிடும், ஓடு மூடாது. ஒரு வயது நிறையாத குஞ்சுகளில் சில இடங்களில் 40 சதவீதம் போயிருந்தது, சில இடங்களில் பை மொத்தமும் போயிருந்தது.

காரணம் ஒரு ஹெர்பெஸ் வகை வைரஸ். ஆஸ்ட்ரியிட் ஹெர்பெஸ்வைரஸ்-1 என்று பெயர். குஞ்சு பொரிப்பகங்களில் 1990களிலேயே தெரிந்த வைரஸ்தான். 2008இல் வந்தது அதன் புது வடிவம், முன்னதைவிடக் கொடியது. கடல் நீரின் வெப்பம் 16 டிகிரியைத் தாண்டியதும் அது வேலையைக் காட்டத் தொடங்கும். மனிதரை ஒன்றும் செய்யாது. 2010இல் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் ஜார்ஜஸ் ஆற்று முகத்திலும், 2016இல் டாஸ்மேனியாவிலும் இதன் நெருங்கிய வடிவங்கள் இதே நாசத்தைச் செய்தன. எல்லா இடத்திலும் செத்தது பசிபிக் சிப்பி. ஜப்பான், சீனக் கரைகளைச் சேர்ந்த இனம் அது. இன்று உலகம் முழுக்க வளர்க்கப்படுகிறது.

செத்தவற்றைவிட எனக்குப் பிழைத்தவைதான் முக்கியமாகப் படுகின்றன. அதே பை, அதே தண்ணீர், அதே வைரஸ். பக்கத்துச் சிப்பி அழுகிக் கிடக்கிறது, இது மட்டும் ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கிருமியைப் பிடித்து ஒட்டிக்கொள்ள நம் உடம்பு செய்யும் புரதம்தான் ஆன்டிபாடி. சிப்பிக்கு அது கிடையாது. நமக்கு அம்மை வந்து போனால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்கிறதே, அந்த ஏற்பாடும் கிடையாது. அப்படியானால் பிழைத்த சிப்பியிடம் என்ன இருந்தது?

முதலில் நம் கதையைப் பார்த்துவிடலாம். நம் உடம்பின் வெள்ளணுக்களில் ஒரு வகை, ஆன்டிபாடி செய்யும் மரபணுத் துண்டுகளை வெட்டி, மாற்றி மாற்றி ஒட்டுகிறது. ஒரே புள்ளி வரிசையை வைத்துக்கொண்டு ஆயிரம் கோலம் போடுவதுபோல, கொஞ்சம் துண்டுகளிலிருந்து கோடிக்கணக்கான ஆன்டிபாடி வடிவங்கள் கிடைக்கின்றன. இதை 1976இல் காட்டியவர் சுசுமு டொனெகாவா. 1987இல் நோபல் பரிசு பெற்றார். இந்த வித்தை ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், தாடையுள்ள மீன்களின் மூதாதைகளில் தோன்றியது. அந்தக் கிளையில் வராத எந்த உயிருக்கும் அது இல்லை. சிப்பி, மட்டி, இறால், நண்டு, கணவாய், நட்சத்திர மீன் எல்லாம் அது இல்லாமலேதான் இத்தனை காலம் வாழ்ந்திருக்கின்றன.

அவற்றிடம் இருப்பதைப் பிறவி எதிர்ப்பாற்றல் என்கிறோம். பாடப் புத்தகங்கள் இதை "முதல் அரண்" என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு ஆன்டிபாடிக்குத் தாவிவிடும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்: வாசலில் நிற்கும் காவலாள், உள்ளே இருப்பதுதான் உண்மையான படை. சிப்பியின் மரபணுக்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

சிப்பியின் ரத்தத்துக்கு நிறம் கிடையாது. நமக்கு இருப்பதுபோல மூடிய குழாய்களுக்குள் மட்டும் அது ஓடுவதும் இல்லை. திசுக்களுக்கு நடுவே நேரடியாகப் பாய்கிறது. அதில் ஹீமோசைட் என்ற உயிரணுக்கள் மிதக்கின்றன. ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், முதலில் உருண்டையாக இருக்கும் அணு கொஞ்ச நேரத்தில் தகட்டோடு ஒட்டிக்கொண்டு, ஓரங்களை விரல்போல நீட்டி நகரத் தொடங்கும். பக்கத்தில் பாக்டீரியா இருந்தால் அதைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அமீபா இரை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அதே காட்சி. ஆனால் சுற்றிலும் சிப்பியின் சொந்த அணுக்களும் இருக்கின்றன, அவற்றை அது விழுங்குவதில்லை. எது எதிரி, எது தன்னுடையது என்று அதற்கு யார் சொல்வது?

சொல்பவை ஏற்பிகள். அணுவின் மேல்தோலிலும் உள்ளேயும் ரத்தத்திலும் இருக்கும் புரதங்கள் இவை. ஒவ்வொரு ஏற்பிக்கும் ஒரு மரபணு. கிருமிகளிடம் இருக்கும், ஆனால் விலங்கின் உடம்பில் இல்லாத சில பொருள்கள் உண்டு: பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் கொழுப்புச் சர்க்கரை, அது நீந்தப் பயன்படுத்தும் வாலின் புரதம், பூஞ்சையின் சுவரில் உள்ள சர்க்கரைத் தொடர், வைரஸ் பெருகும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. இவற்றில் ஒன்று ஏற்பியில் பொருந்தினால் மணி அடித்ததுபோல. அணு உள்ளுக்குள் பரபரப்பாகிவிடும், கிருமிக்கொல்லிப் புரதங்கள் வெளியே வரும்.

இப்படி ஏற்பிகள் இருந்தாக வேண்டும் என்று நோயெதிர்ப்பு ஆய்வாளர் சார்ல்ஸ் ஜேன்வே 1989இல் வாதிட்டபோது கையில் சான்று அதிகம் இல்லை. 1996இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு ஒரு பழ ஈயின் படத்தை வெளியிட்டது. டோல் என்ற மரபணு கெட்டுப்போன ஈ அது. உடம்பிலிருந்து பூஞ்சை இழைகள் முடிபோல முளைத்து நிற்கும். டோல் வேலை செய்யும் ஈயைப் பூஞ்சை தொட முடியாது, வேலை செய்யாத ஈயைப் பூஞ்சையே மூடிவிடும். இரண்டு ஆண்டுகள் கழித்து புரூஸ் பாய்ட்லரின் குழு, பாலூட்டிகளில் பாக்டீரியாவின் கொழுப்புச் சர்க்கரையை உணர்வது டோலின் உறவினர் ஒன்றுதான் என்று காட்டியது. இருவருக்கும் 2011இல் நோபல் கிடைத்தது. டோலின் உறவினர்கள் என்பதால் இந்தக் குடும்பத்துக்கு டோல் போன்ற ஏற்பிகள் என்று பெயர். குதிரை லாடம்போல வளைந்த ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டு கிருமியைத் தேடும். உள்ளே இருக்கும் பகுதி செய்தியைக் கடத்தும். மனிதருக்கு இப்படிப் பத்து.

சரி, சிப்பிக்கு எத்தனை?

பசிபிக் சிப்பியின் ஜீனோம், அதாவது அதன் டி.என்.ஏ. முழுவதும், 2012 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியானது. சீனாவின் சிங்தாவ் நகரக் கடலியல் நிறுவனத்தின் தலைமையில் நடந்த வேலை. அதைப் படித்து முடிப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒரே சிப்பிக்குள் தாய்வழி வந்த பிரதியும் தந்தைவழி வந்த பிரதியும் அவ்வளவு வேறுபட்டிருந்தன. நம் உடம்பில் இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டால் சுமார் ஆயிரம் டி.என்.ஏ. எழுத்துக்கு ஒரு வித்தியாசம் வரும். காட்டுச் சிப்பியில் ஏறத்தாழ நூறு எழுத்துக்கு ஒன்று. துண்டு துண்டாகப் படித்து ஒட்டும்போது இது ஒரே இடத்தின் இரண்டு பிரதியா, இரண்டு வேறு இடமா என்று கணினியே குழம்பிவிடும். அதனால் நான்கு தலைமுறை உடன்பிறப்புகளையே இணைசேர்த்து, வேறுபாடு குறைந்த சிப்பி ஒன்றை உருவாக்கிக்கொண்டார்கள். அப்படியும் வழக்கமான முறை போதவில்லை. ஜீனோமைச் சிறு சிறு தொகுப்புகளாகப் பிரித்துப் படித்துச் சேர்க்க வேண்டியிருந்தது.

கிடைத்தது சுமார் 28,000 மரபணுக்கள். மனிதருக்கு 20,000 அளவில்தான். டோல் போன்ற ஏற்பிகளைத் தனியாக எண்ணிப் பார்த்ததில் 83 வந்தன. நமக்குப் பத்து, பழ ஈக்கு ஒன்பது, சிப்பிக்கு எண்பத்து மூன்று. 2006இல், உடம்பெங்கும் முள் கொண்ட கடல் முள்ளெலி என்ற உயிரின் ஜீனோமைப் படித்தபோது அதில் 222 இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது முழு வியப்பாக இருந்திருக்காது. ஆனால் முள்ளெலி வகைப்பாட்டில் நம் பக்கத்தில் இருப்பது, கொஞ்சம் தூரத்துச் சொந்தம். சிப்பி இருப்பது ஈயும் மண்புழுவும் இருக்கும் பக்கத்தில். இரண்டு பக்கமும் தனித்தனியாக இதே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

போகிற போக்கில் ஒன்று. வெப்பத்தில் கெட்டுப்போகும் புரதங்களைக் காக்கும் எச்.எஸ்.பி-70 என்ற குடும்பம் மனிதரில் 17, சிப்பியில் 88. கடல் வற்றிய திட்டில் கோடை வெயிலில் கிடக்கும் சிப்பியின் உடம்பு 49 டிகிரி வரை சூடாகியும் தாங்குகிறது. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, வெயில் வந்தாலும் கிருமி வந்தாலும் நகர முடியாத உயிர், மரபணுக்களைப் பெருக்கித்தான் சமாளிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது சி-1-கியூ கதை. மருத்துவம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். பூங்கொத்துபோலக் காம்புகள் சேர்ந்து மேலே தலைகள் விரிந்த புரதம். நம் ரத்தத்தில் அதற்கு முக்கியமான வேலை, கிருமிமேல் ஏற்கனவே ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டத் தாக்குதலைத் தொடங்கிவைப்பது. இந்தத் தலைப்பகுதியைக் கொண்ட மரபணுக்கள் மனிதரில் முப்பது அளவில் உள்ளன. சிப்பியிலோ 300க்கு மேல். ஆன்டிபாடியே இல்லாத உயிரில், ஆன்டிபாடியைப் பிடிக்கும் புரதத்தின் உறவினர்கள் முந்நூறு பேருக்கு என்ன வேலை?

பதிலுக்கான தடயம் தாடையில்லாத லாம்ப்ரே என்ற மீனில் கிடைத்தது. அதற்கும் நம்முடையதுபோன்ற ஆன்டிபாடி இல்லை. அதன் சி-1-கியூ, கிருமியின் மேலிருக்கும் சர்க்கரையை நேரடியாகப் பற்றிக்கொள்கிறது. அதாவது இந்தப் புரதத்தின் பழைய தொழிலே கிருமியைத் தானாகப் பிடிப்பதுதான். ஆன்டிபாடி பிற்பாடு வந்து அதைத் தன் உதவியாளாக்கிக்கொண்டது. சிப்பியில் அது இன்னும் பழைய தொழிலைத்தான் செய்கிறது. சர்க்கரைகளைப் பற்றும் லெக்டின் என்ற இன்னொரு குடும்பமும் சிப்பியில் இதேபோல நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கிறது.

மரபணு எப்படிப் பெருகுகிறது? உயிரணு தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது ஒரு துண்டு தவறுதலாக இரண்டு முறை பதிவாகிவிடும். பெரும்பாலான நேரம் அதனால் பயன் ஒன்றும் இல்லை. சில நேரம், மூலப் பிரதி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாம் பிரதிக்கு மாறிப்போக உரிமை கிடைக்கிறது. அது கொஞ்சம் வேறு வடிவ கிருமியைப் பிடிக்கப் பழகலாம். சிப்பியின் ஏற்பி மரபணுக்கள் பல, குரோமோசோமில் வரிசை வீடுகள்போல அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. இப்படிப் பிறந்தவற்றின் அடையாளம் அது. எல்லாம் ஒரே வேலையைச் செய்வதும் இல்லை. பாக்டீரியா வந்தால் சில பிரதிகள் விழிக்கின்றன, வைரஸ் வந்தால் வேறு சில. உப்பும் வெப்பமும் மாறும்போது மட்டும் அசைந்து கொடுப்பவையும் உண்டு. ஒரு தாய்ச்சிப்பி ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டை விடும். அதில் பெரும்பகுதி சில வாரங்களில் அழிந்துவிடும். இவ்வளவு பிரதிகளைப் பிறப்பித்து, இவ்வளவு கடுமையாக வடிகட்டினால் புதுமைக்குப் பஞ்சம் இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு சிப்பியின் ஜீனோமைப் பற்றி. ஒன்றைப் படித்துவிட்டு இனத்தையே படித்துவிட்டோம் என்று எண்ணுவது மனிதருக்குப் பெரும்பாலும் சரிவரும். கடல் மட்டிகளுக்குச் சரிவராது என்பது 2020இல் தெரிந்தது. கேரளத்தில் கல்லுமக்காய் என்கிறார்களே, அதன் ஐரோப்பிய உறவினர், மத்தியதரைக் கடல் மஸ்ஸல். இத்தாலிய, ஸ்பானிய ஆய்வாளர்கள் லோலா என்று பெயரிட்ட ஒரு பெண் மஸ்ஸலின் ஜீனோமை முழுதாகப் படித்தார்கள். 60,000 மரபணுக்கள் வந்தன. பிறகு வேறு 14 மஸ்ஸல்களையும் படித்து லோலாவோடு ஒப்பிட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, எல்லாவற்றுக்கும் பொதுவான மரபணுக்கள் சுமார் 45,000தான். இன்னொரு 20,000 மரபணுக்கள் ஒன்றிடம் இருக்கும், இன்னொன்றிடம் இருக்காது. எழுத்து மாறியிருக்கிறது என்பதல்ல விஷயம். மரபணுவே மொத்தமாக இல்லை. சில மஸ்ஸல்கள் அதைத் தாயிடமிருந்து மட்டும் பெற்றிருக்கும், சில தந்தையிடமிருந்து மட்டும், சில இருவரிடமிருந்தும் பெறாமலே பிறந்திருக்கும். அப்படி வந்து போகும் மரபணுக்களை எடுத்துப் பார்த்தால், உயிர் பிழைப்பது, கிருமியை அடையாளம் காண்பது போன்ற வேலைகளைச் செய்பவை அவற்றில் தூக்கலாக இருந்தன.

மனிதரில் இரண்டு பேரை எடுத்து, இவருக்கு இருக்கும் மரபணுக்களில் ஆயிரக்கணக்கானவை அவருக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நாம் நம்ப மாட்டோம். மஸ்ஸலில் அதுதான் இயல்பு. அதே பாறையில், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருக்கும் இரண்டு மஸ்ஸல்கள் தங்கள் எதிரிகளை வேறு வேறு பட்டியலை வைத்துத் தேடுகின்றன.

இங்கேதான் நம் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நம் உடம்பு, தான் ஒன்றாகவே இருந்துகொண்டு, தனக்குள் கோடி வடிவங்களை உருவாக்கிப் பார்க்கிறது. எது பொருந்துகிறதோ அதைப் பெருக்கி, நினைவில் வைக்கிறது. சிப்பியும் மஸ்ஸலும் அதே காரியத்தைக் கூட்டமாகச் செய்கின்றன. வடிவங்கள் ஓர் உடம்புக்குள் இல்லை, ஒரு பாறைத்திட்டு முழுக்கப் பரந்து கிடக்கின்றன. புதிய வைரஸ் வரும்போது, பொருந்தும் பட்டியல் யாரிடமாவது இருக்கும். அது பிழைக்கும், அடுத்த பருவத்தில் கோடி முட்டை விடும். நினைவு இருப்பது அந்தக் கூட்டத்தில்தான். தனிச் சிப்பிக்கு இது கொடுமையான ஏற்பாடு, மறுக்க முடியாது. இனத்துக்கு இது கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பயன்பட்டிருக்கிறது.

இவ்வளவு ஏற்பிகள் ஏன் வேண்டியிருக்கின்றன என்பதற்குச் சிப்பி வாழும் இடத்தையும் பார்க்க வேண்டும். கரையோரக் கடல் நீரில் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ பத்து லட்சம் பாக்டீரியாக்களும் ஒரு கோடி வைரஸ்களும் இருக்கும். அந்த நீரைத்தான் சிப்பி மணிக்குப் பல லிட்டர் கணக்கில் செவுள் வழியே இழுத்து வடிகட்டிச் சாப்பிடுகிறது. அதன் சாப்பாட்டிலேயே கிருமிகள் கலந்து வருகின்றன. அதிலும் எல்லாப் பாக்டீரியாவும் எதிரி கிடையாது. சிப்பியின் உள்ளேயே கூடி வாழ்பவை ஏராளம்.

அமெரிக்காவின் கிழக்குக் கரைச் சிப்பியில் இன்னொரு விஷயம் தெரியவந்தது. அதன் செவுள் சளியில் இருக்கும் லெக்டின்கள், வடிகட்டி வந்த பாசித் துகள்களின் மேலுள்ள சர்க்கரையைத் தொட்டுப் பார்த்து, இது வாய்க்கு, இது வெளியே என்று பிரிக்கின்றன. வேண்டாதவை சளியில் சுற்றப்பட்டு வெளியே தள்ளப்படும். கிருமியை அறியும் புரதக் குடும்பமே சாப்பாட்டையும் தேர்ந்தெடுக்கிறது! எதை உள்ளே விடலாம், எதை விடக் கூடாது என்பது சிப்பிக்கு ஒரே கேள்விதான்போல. நம் நாக்கும் நம் வெள்ளணுவும் ஒரே வேலையைச் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் ஓட்டையும் உண்டு. இந்த ஏற்பிகள் தேடுவது பாக்டீரியாவின் சுவரை, பூஞ்சையின் சர்க்கரையை, வைரஸின் ஆர்.என்.ஏ.வை. தன் இனத்தைச் சேர்ந்த வேறொரு உயிரின் அணு உள்ளே வந்தால்? நமக்கு அதைக் கண்டுபிடிக்கத் தனி ஏற்பாடு இருக்கிறது. சிறுநீரக மாற்று சிகிச்சையில் பொருத்தம் பார்ப்பது அதனால்தான். மட்டிக்கு அது இல்லை. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் மென்ஓட்டு மட்டிகளை ஒரு ரத்தப் புற்றுநோய் கொன்றுவந்தது. நியூயார்க்கிலிருந்து கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு வரை எடுத்த புற்று அணுக்களை 2015இல் ஒப்பிட்டார்கள். எல்லாம் ஒரே மரபணு அடையாளம் கொண்டவை, அவை இருந்த மட்டிகளின் அடையாளத்தோடு அவை பொருந்தவில்லை. எப்போதோ ஒரு மட்டியில் தோன்றிய புற்று அணு, அந்த மட்டி செத்த பிறகும் கடல் வழியே மட்டியிலிருந்து மட்டிக்குத் தொற்றிக்கொண்டே வாழ்கிறது. எண்பது, முந்நூறு என்று ஏற்பிகள் பெருகினாலும் இப்படி ஒரு எதிரியை அவை எதிரியாகவே பார்க்கவில்லை.

பிரான்ஸின் பைகளுக்குத் திரும்புவோம். வைரஸ் சிப்பிக்குள் என்ன செய்கிறது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் விளக்கினார்கள். எளிதில் சாகும் குடும்பங்களையும் தாங்கும் குடும்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மணி மணியாகப் பார்த்தார்கள். தாங்கும் குடும்பங்களில் வைரஸுக்கு எதிரான மரபணுக்கள் சீக்கிரமே விழித்துக்கொண்டன, வைரஸ் பெருகவே இல்லை. சாகும் குடும்பங்களிலும் அதே மரபணுக்கள் விழித்தன, ஆனால் தாமதமாக. அதற்குள் வைரஸ் ஹீமோசைட்டுகளுக்குள் புகுந்துவிட்டது. கிருமிக்கொல்லிப் புரதங்களின் உற்பத்தி சரிந்தது. அதுவரை சிப்பியோடு சும்மா இருந்த பாக்டீரியாக்கள் உடம்பெங்கும் பரவின. கடைசியில் சிப்பியைக் கொன்றது அந்தப் பாக்டீரியாத் தாக்குதல்தான். வைரஸ் கதவைத் திறந்துவிட்டது. பிழைப்புக்கும் சாவுக்கும் நடுவே இருந்தது சில மணி நேரம்.

அந்தச் சில மணி நேரத்தை முன்கூட்டியே வாங்கிக் கொடுக்க முடியுமா? முடியும் என்று தெரிகிறது. ஆய்வகத்தில் செய்த போலி இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் சிப்பிக்கு ஊசி வழியே கொடுத்தார்கள். அதில் வைரஸ் இல்லை, வைரஸின் சாயல் மட்டும்தான் இருக்கிறது. ஏற்பிகள் ஏமாந்து விழித்துக்கொண்டன. பிறகு உண்மையான வைரஸை விட்டபோது அந்தச் சிப்பிகள் தாங்கின, குறைந்தது ஐந்து மாதம் கழித்தும் தாங்கின. ஆன்டிபாடி இல்லை, நினைவணு இல்லை. பிறவி எதிர்ப்பாற்றலுக்கு நினைவே கிடையாது என்ற பாடத்தை இது திருத்துகிறது. ஆனால் லட்சக்கணக்கான குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணையாலும் முடியாது.

இறாலின் வழி வேறு. டிஸ்காம் என்ற ஒரே மரபணுவின் துண்டுகளை வேறு வேறு விதமாகச் சேர்த்துப் பல ஆயிரம் புரத வடிவங்களை அது செய்துகொள்கிறது. பழ ஈயில் அப்படி 38,016 வடிவங்கள் சாத்தியம். அப்படியும் 1994, 95இல் ஆந்திர, தமிழ்நாட்டுக் கரைகளில் கறுப்பு இறால் பண்ணைகளை வெள்ளைப்புள்ளி வைரஸ் காலி செய்தது. 2009க்குப் பிறகு அந்த இடத்துக்கு வனாமி என்ற வேறு இன இறால் வந்தது. வனாமி குஞ்சு விற்கும் இடத்தில் எஸ்.பி.எஃப். என்ற சொல் அடிக்கடி காதில் விழும். குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாமல் வளர்த்த தாய் இறாலின் குஞ்சு என்பதுதான் அதற்குப் பொருள். நோய் தாக்காத குஞ்சு என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது தவறு. குளத்துத் தண்ணீரில் வைரஸ் இருந்தால் அதற்கும் வரும்.

பண்ணை என்று வந்ததும் எனக்கு உள்ளபடியே கவலை வருகிறது. குஞ்சு பொரிப்பகத்தில் கொஞ்சம் தாய் தந்தைகளிடமிருந்தே லட்சக்கணக்கில் குஞ்சு எடுத்துவிட முடியும், சிப்பி அவ்வளவு முட்டை விடும். சீக்கிரம் வளர்வது, ஓடு அழகாக இருப்பது, இந்த வைரஸைத் தாங்குவது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் தவறு இல்லை. பிழைத்தவற்றின் குஞ்சுகளை எடுத்து வளர்த்ததில் சில தலைமுறையிலேயே இந்த ஹெர்பெஸுக்கு எதிரான பிழைப்பு நன்றாக உயர்ந்ததைப் பிரான்ஸில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நூறு தாயிடம் இருந்த மரபணுப் பட்டியல் பத்துத் தாயிடம் இருக்காது. மஸ்ஸலில் பார்த்ததுபோல மரபணுவே வந்து போகும் உயிர்களில் இந்த இழப்பு பெரியது: எழுத்து போகாது, ஏற்பியே போய்விடும். இன்றைய வைரஸுக்குத் தேவைப்படாத ஏற்பி, நாளை வரப்போகும் ஒன்றுக்குத் தேவைப்படலாம். காட்டுச் சிப்பித் திட்டுகளை அழியாமல் வைத்திருப்பது பண்ணைக்காரருக்கும் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் பக்கத்திலும் இந்தக் கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், நம் கரைகளின் பச்சைக் கல்லுமக்காயின் ஜீனோமை 15 குரோமோசோம் அளவில் படித்து 2023இல் வெளியிட்டது. ஜப்பானில் முத்துச் சிப்பியின் ஜீனோம் 2012லேயே வந்துவிட்டது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில், அதாவது முத்துச் சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளில், இருப்பது அதன் மிக நெருங்கிய சொந்தம். ஒரு பாரிலிருந்து ஒரு சிப்பியைப் படித்தால் போதாது என்பதை லோலா சொல்லிவிட்டாள். பார் பாராகப் பல சிப்பிகளைப் படிக்க வேண்டும். தூத்துக்குடிக்கு அந்த வேலை பாக்கி இருக்கிறது.

பிரான்ஸின் பிரெஸ்ட் வளைகுடாவில் அதுபோல ஒரு வேலை நடந்திருக்கிறது. சிப்பிப் பண்ணைகளுக்குப் பக்கத்தில் பாறையில் வாழும் காட்டுச் சிப்பிகளையும், பண்ணையிலிருந்து விலகி வாழ்பவற்றையும் எடுத்துவந்து வைரஸுக்கு முன் வைத்தார்கள். பண்ணைப் பக்கத்துச் சிப்பிகள் அதிகம் தாங்கின. டி.என்.ஏ. எழுத்துகளில் வேறுபாடு இருந்தது. எழுத்தின்மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளிலும் இருந்தது. தாங்கும் திறனின் வேறுபாட்டில் எழுத்தைவிட அந்தக் குறிகளுக்குக் கூடுதல் பங்கு இருந்தது. அந்தச் சிப்பிகளை யாரும் தேர்ந்தெடுத்து வளர்க்கவில்லை, யாரும் ஊசி போடவில்லை. 2008க்குப் பிறகு வந்த ஒவ்வொரு கோடையிலும், தண்ணீர் 16 டிகிரியைத் தாண்டிய ஒவ்வொரு முறையும், பண்ணையிலிருந்து வந்த வைரஸ் அவற்றை வடிகட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.